ஆல்பத்தில் வராத குரல்

இந்த அறையில் எதிரொலி அதிகம், மேடம். சுவரில் பழைய கம்பளம் ஒன்றைத் தொங்கவிட்டால் சரியாகிவிடும். எங்கள் கராஜில் அப்படித்தான் செய்திருந்தோம்.

நான் கிட்டார். கோல்பி பாடுவான். பாடுவான் என்பதைவிடக் கத்துவான் என்றால் பொருந்தும். போஸ்ட்-ஹார்ட்கோர் இசைக்குக் கத்தல்தான் உயிர். பத்தொன்பது வயதில் அவன் கராஜில் கத்தியதைக் கேட்டு, யாரையோ கொல்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மாள் போலீசைக் கூப்பிட்டுவிட்டாள். அந்தப் பதிவைக் கேட்டுத்தான் இசைக் கம்பெனிக்காரர்கள் எங்களை எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கத்தல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவன் அம்மாவின் இரண்டாவது கணவர் ராய், சின்ன வயதில் அவனை அடித்து நிலவறையில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிடுவார்.

ஆல்பம் பதிவாவதற்குள் ராய் ஜெயிலுக்குப் போய்விட்டார். கோல்பிக்குக் காதலியாக ஷானா கிடைத்தாள். நன்றாகத் தூங்கினான், சதை போட்டான். ஆல்பம் வெளிவந்தபோது யாரும் திட்டக்கூட இல்லை. "சுத்தமான பதிவு" என்று ஒருவர் எழுதியிருந்தார். கிளீவ்லாந்து கச்சேரியில் நாங்கள் புதுப் பாட்டைத் தொடங்கியதும் கூட்டம் சிகரெட் பிடிக்க வெளியே போனது.

திரும்பும்போது வேனில் கேட்டேன்.

"பழைய மாதிரி கத்த மாட்டேங்கிறியேடா."

"வரலடா, டெரிக். நல்லா இருக்கேன், அதுக்கு நான் என்ன பண்ண?" என்று சிரித்தான். "வேணும்னா நீ கத்து. அந்த பிளாஸ்டிக் பேக்டரியிலேயே கிடக்கிற, உனக்குத்தான் நல்லா வரும்."

விளையாட்டாகத்தான் சொன்னான். மறுநாள் ஷிப்ட் முழுக்க இயந்திரத்திலிருந்து வாளி மூடிகளை எடுத்துக்கொண்டே யோசித்தேன். எங்கள் ஊரான யங்ஸ்டவுனை விட்டு நான் வெளியேற அவன் குரலைத் தவிர வேறு வழியே இல்லை.

ராய் விடுதலையாகி வந்து தூண்டில் கடையில் வேலை பார்ப்பது ஊருக்கே தெரியும். கோல்பியின் வீடு மட்டும் அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன். ஷானா ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போய்விடுவாள் என்பதையும் சொன்னேன். அடிக்கச் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு மதியம் நான் போனபோது ராயின் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. சமையலறையில் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அந்த வீட்டு நிலவறைக் கதவில் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதை நான் போடவில்லை, நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

உள்ளே கோல்பி கத்திக்கொண்டிருந்தான். கராஜில் கேட்ட அதே குரல், அதைவிட ஒரு படி மேல். படியில் உருண்டதில் அவன் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? ரெக்கார்டர் பையிலேயே இருந்தது. மைக்கைக் கதவின் கீழ் இடுக்கில் வைத்தேன். தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சத்தம் நின்ற பிறகும் கொஞ்சம் காத்திருந்துதான் திறந்தேன். மூச்சு இல்லை.

அந்தப் பதிவு இப்போது உங்களிடம் இருக்கிறது. சாட்சியமாகத்தான் கேட்பீர்கள். ஒருமுறை பாட்டாகவும் கேட்டுப் பாருங்கள் மேடம், எங்கள் ஆல்பத்தில் என்ன இல்லாமல் போனது என்று புரியும். என் காலடிச் சத்தம் அவனுக்குப் பழக்கம், அதனால் இரண்டு இடத்தில் மட்டும் "டெரிக், கதவத் தொறடா" என்று வரும். அதை வெட்டிவிட்டால் போதும், வேறு குறையே சொல்ல முடியாது.