இருக்க ஏலாது, அக்கா

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் காலை வள்ளத்தில் வந்துகொண்டிருந்தோம். கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் நின்றுகொண்டே வந்தாள். பலகையில் இருந்த நடுவயதுப் பெண் ஒதுங்கி இடம் விட்டார்.

“இதிலை இரும் பிள்ளை.”

“இருக்க ஏலாது, அக்கா. இவன் பிறந்து எட்டு மாசம். தையல் போட்ட இடம் இன்னும் நோகுது.”

அவர் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“தைக்கேக்கை விறைக்க ஊசி போடேல்லையோ?”

“இல்லை. நோவிலை கத்தினனான். நேர்ஸ் தொடையிலை அடிச்சு, வாயைப் பொத்தச் சொல்லி ஏசினா. பிறகு கூப்பிட்டும் ஒருதரும் வரேல்லை.” குரலைத் தாழ்த்தினாள். “அண்டு தொடக்கம் இருமினாலும் மூத்திரம் போகுது. இண்டைக்கு யாழ்ப்பாணத்திலை ஒரு லேடி டொக்குத்தரிட்டைக் காட்டப் போறன்.”

நயினாதீவுக் கோபுரம் தெரிந்தபோது அவர் அவள் பக்கம் குனிந்தார்.

“எனக்கும் அப்பிடித்தான். பிள்ளை பெத்த நாள் தொடக்கம், பதினொரு வரியம். கோயிலுக்கும் போறேல்லை, கலியாண வீட்டுக்கும் போறேல்லை. சனம் எனக்குப் பெருமை எண்டு கதைக்குது.”

“ஒருதருக்கும் சொல்லேல்லையோ?”

“சொன்னால் அடி வாங்கினதையும் சொல்லவேணுமெல்லே. வெக்கமாக் கிடந்தது.”

“அடிச்சவைக்கெல்லோ அக்கா வெக்கம்.”

கரையில் இறங்கியதும் அவர் கேட்டார். “நான் வேலணைக்குத் தங்கச்சி வீட்டை போக வந்தனான். உம்மோடை வரட்டோ?”

“வாங்கோ, அக்கா.”

பஸ்ஸில் இடம் இருந்தது. இருவரும் நின்றார்கள். கண்டக்டர் வந்தபோது அவர் முந்திக்கொண்டு, “யாழ்ப்பாணம் ரெண்டு” என்றார்.