கவுன் வாங்க நின்றவர்

என் பெயரும் என் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது அறுபத்தெட்டு. நீதிமன்றத்தின் பின்வாசலுக்கு எதிரில் தையல் கடை வைத்து, புது வக்கீல்களுக்குக் கறுப்புக் கவுன் தைத்துக் கொடுத்தும் வாடகைக்கு விட்டும் பிழைத்து வருகிறேன். கடைக்கு மேலே ஓர் அறையில் தனியாகக் குடியிருக்கிறேன். மனைவி இறந்துவிட்டாள். எனக்குப் பிள்ளை கிடையாது. இன்றைய விவகாரமே அதுதான் என்பதால் அதை அழுத்தி எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

புகாரில் கண்ட பெண் வக்கீலை, அவர் வக்கீலாகப் பதிவு செய்த நாள் முதல் அறிவேன். அன்று காலை என் கடையில் கவுன் வாடகைக்கு எடுத்தார். வாடகைக் கவுனுக்குக் கால் முளைத்துவிடும் என்பதால், பதிவு நாளில் நானும் கூடவே போய், புது வக்கீல்கள் உறுதிமொழி எடுத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து முடியும்வரை சுவரோரம் நின்று கவுனைத் திரும்ப வாங்கி வருவது வழக்கம். மற்றவர்களுக்கு அம்மா, மாமா, அத்தை என்று பெரும்படையே வந்திருந்தது. இவர் தனியாக நின்று கழுத்துப் பட்டையைச் சரிசெய்வதும் கலைப்பதுமாக இருந்தார். அதன் பிறகு போட்டோக்காரர் ஒவ்வொருவரையும் வீட்டாரோடு நிறுத்திப் படம் எடுத்து, இவர் முறை வந்ததும் என்னைப் பார்த்து, “அப்பா, ஏன் ஒதுங்கி நிக்கிறீங்க? பொண்ணு பக்கத்துல வாங்க” என்றார். நான் இவரைப் பார்த்தேன். இவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு போய் நின்றேன். அதன் நுனி தொங்குவதைப் படத்தில் இப்போதும் பார்க்கலாம்.

அதன் பிறகு போட்டோக்காரர் படத்தின் கீழே ‘தந்தையுடன்’ என்று எழுதி வக்கீல் சங்கத்துக்குக் கொடுத்தது எனக்குத் தெரியாது. எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார், கடையில் மாட்டினேன். பார்ப்பவர்கள் மகளா என்று கேட்பார்கள். ஆமாம் என்று நான் சொன்னதில்லை. ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் குனிந்துகொள்வேன். பக்கத்து டீக்கடைக்காரர், ‘டெய்லர் மாஸ்டர் மகள் வக்கீல்’ என்று தெரு முழுக்கச் சொன்னார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

இப்போது சங்கத்தார் பழைய பதிவேடுகளையும் படங்களையும் நூலக வராந்தாவில் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். பெற்றோர் யாரென்று தெரியாது, காப்பகத்தில் வளர்ந்தவள் என்று இவர் பதிவேட்டில் எழுதியிருக்கிறார். பக்கத்திலேயே அந்தப் படம். இவரிடம் வழக்கில் தோற்ற வக்கீல் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு, பொய் எழுதிக் கொடுத்தவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும் என்று புகார் கொடுத்ததும், டீக்கடைக்காரர் அதற்குச் சாட்சி சொன்னதும் விசாரணை நடத்தும் தாங்கள் அறிந்ததே. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததில் இவர் பிழைப்பில் மண் விழப் பார்க்கிறது. படத்தை இன்று காலை கடையிலிருந்து கழற்றிவிட்டேன்.

இவர் கவுன் கிழிந்தால் தைக்க வருவார். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். அப்பா என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. சற்று முன் நான் இங்கே வந்தபோது வெளியே பெஞ்சில் இருந்தவர் எழுந்து நின்று, “உள்ளத உள்ளபடி சொல்லிடுங்க மாஸ்டர்” என்றார். நான் தலையாட்டினேன். அதன் பிறகு, “கடையில இருக்கிற படத்த மட்டும் கழட்டிடாதீங்க” என்றார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

மேற்படி பெண் வக்கீல் என் மகள் அல்ல. நான் அவருக்குத் தகப்பன் அல்ல. அவருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். நான் சொன்னபடியேதான் இருக்கிறது. மேலே கண்டது அனைத்தும் உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)