பதினாறாம் தேதி, ஞாயித்துக்கிழமை

ஹலோ… ஹலோ, யாரு? கொஞ்சம் சத்தமா பேசுங்க, வாணலில மீன் பொரியுது, ஒண்ணும் காதுல விழல… இருங்க, அடுப்பை அணைச்சிட்டு வரேன்.

ம். இப்பச் சொல்லுங்க.

ஆமா, மேவிஸ்தான். மேவிஸ் லிங்க்லேட்டர்… ஆமா ஆமா, அவளோட அக்காதான்.

கார்லா இல்லீங்க. கார்லீன்… பரவால்ல விடுங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவரு ரெண்டு வருஷமா கார்மன், கார்மன்னே சொல்லிட்டிருந்தாரு. கார்மன் எங்க சித்தப்பா. அவரு காணாமப் போகல, ஏரில வலை போட்டுட்டு நல்லாத்தான் இருக்காரு.

வின்னிபெக்ல இருந்தா பேசுறீங்க?… ஓ, பழைய கேஸ் பாக்குற பிரிவு. புதுசா வந்திருக்கீங்க… ஹால்வர்சன். சரி, ஆபீசர் ஹால்வர்சன். நீங்க ஆறாவது ஆளு, தெரியுமா?

யாரையாவது புடிச்சிட்டீங்களா?

…ம்.

இல்ல, சும்மாதான் கேட்டேன். போன் வந்தா முதல்ல அதான் வாயில வருது. சரி, எதுக்குக் கூப்பிட்டீங்க?

திரும்பவும் முதல்லேருந்தா? எல்லாம் பைல்ல இருக்குமே… படிச்சிட்டீங்களா… என் வாயால கேக்கணுமா. ம்… சரி. உக்காந்துக்கறேன்.

அம்மா, ஒண்ணுமில்ல, போன்தான். நீ டீயைக் குடி.

எங்கம்மா. இடுப்பு உடைஞ்சதுலேருந்து என்கூடதான் இருக்காங்க… இல்ல, இங்கிலீஷ் அரைகுறைதான். எங்க பாஷை கிரீல பேசினாத்தான் முழுசாப் புரியும்.

சரி, எழுதிக்கங்க. கார்லீனுக்கு அப்ப இருபத்தோரு வயசு. டவுன்ல முதியோர் இல்லத்துல வேலை. குளிப்பாட்டுறது, ஊட்டி விடுறது. அங்க ஒரு வெள்ளைக்காரக் கிழவி, வேற யாரு ஸ்பூனை நீட்டினாலும் துப்பிடுமாம். இவ போனா மட்டும் வாயைத் திறக்குமாம். ‘அக்கா, அந்தக் கிழவிக்கு என் முகத்துல என்னமோ ருசி’ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. முன்பல்லு ஒண்ணு உடைஞ்சிருக்கும், அதனால கையை வச்சு மறைச்சிட்டுத்தான் சிரிப்பா… இல்லீங்க, யாரும் அடிச்சு உடையல! பனில ஸ்கிடூ வண்டி ஓட்டும்போது விழுந்தா. இந்த மாதிரி ஒரு கேள்விய நீங்க எல்லாருமே கேக்குறீங்க.

ஆமா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டுக்கு வந்துடுவா. டவுன்லேருந்து எங்க பழங்குடி ரிசர்வுக்கு, எங்க ஊருக்கு, நூத்து நாப்பது கிலோமீட்டர். பஸ்ஸை நிறுத்திட்டாங்க அந்த வருஷம். அதனால யாராவது தெரிஞ்சவங்க வண்டில ஏறி வருவா… ஆமா, கை காட்டித்தான். வேற எப்படி வருவா, பறந்தா?

அன்னைக்கு அக்டோபர் பதினாலு, வெள்ளிக்கிழமை. அஞ்சரை இருக்கும். பெட்ரோல் பங்க் போன்லேருந்து கூப்பிட்டா. ‘அக்கா, வண்டி கிடைச்சிருச்சு. எனக்கு மீன் எடுத்து வை, எல்லாத்தையும் நீயே தின்னுடாதே’ன்னா. யாரு வண்டின்னு கேட்டேன். ‘சுரங்கத்துல வேலை பாக்குற ஆளு, வெள்ளை பிக்கப், நம்ம ரோடு அவருக்குத் தெரியுமாம்’னா. அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட பேசல. நான்தான் அடுப்புல வேலை இருக்குன்னு சீக்கிரம் வச்சேன்.

…

இல்ல, இருக்கேன். இருக்கேன்.

வரல. சனிக்கிழமை பூரா அவ சிநேகிதிங்க, இல்லத்துல கூட வேலை பாக்குறவங்க, எல்லாருக்கும் போன் பண்ணேன். ஞாயித்துக்கிழமை டவுனுக்குப் போயி போலீஸ் ஸ்டேஷன்ல சொன்னேன்.

…என்ன?

இல்ல, ஞாயித்துக்கிழமைதான். பதினாறாம் தேதி.

இருபத்தஞ்சா? யாரு சொன்னா இருபத்தஞ்சுன்னு?… பைல்ல அப்படியா இருக்கு? படிங்க. அதை அப்படியே படிங்க, எனக்குக் கேக்கணும்.

‘குடும்பத்தார் பதினோரு நாள் கழித்தே தகவல் கொடுத்தனர்.’

நல்லாயிருக்கு. ரொம்ப நல்லாயிருக்கு!

ஆபீசர், நல்லாக் கேளுங்க. இருபத்தஞ்சாம் தேதி நான் சொன்னது மூணாவது தடவை. முதல் தடவை பதினாறு. அந்த மேஜைல ஒரு ஆளு, சாண்ட்விச் தின்னுட்டிருந்தான். நான் சொல்லச் சொல்ல மென்னுட்டேதான் இருந்தான். பேனாவைத் தொடல. ‘இருபத்தோரு வயசு, வெள்ளிக்கிழமை, சம்பள நாளு. எங்கயாவது குடிச்சிட்டுக் கிடப்பா, காசு தீந்தா வந்துடுவா’ன்னான். ‘அவ குடிக்க மாட்டா, குடிக்கிறவ நான்தான்’னு சொன்னேன். அதைக் கேட்டுச் சிரிச்சான். புதன்கிழமை போன் பண்ணேன், லைன்ல இருங்கன்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க. அதுவும் பைல்ல இல்லியா?… இருக்காது. எப்படி இருக்கும்.

கோவப்படாம எப்படீங்க இருக்குறது? சொல்லுங்க, நீங்கன்னா கோவப்படாம இருப்பீங்களா?

…ம். ம். கேக்குறேன்.

கேமராவா? எந்தக் கேமரா?

பங்க்லயா… பெட்ரோல் போடுற இடத்தைப் பாத்து… ஏழு நாள். ஏழு நாளைக்கு மேல அதுவே அழிஞ்சிடுமா.

நீங்க எப்பப் போயிப் பாத்தீங்க?… இருபத்தாறு.

அப்ப பதினாறாம் தேதி போயிருந்தா…

இல்ல, நீங்க சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க. இருந்திருக்குமா?

…

இருந்திருக்கும்.

அவ ஏறினது, அந்த வண்டி, நம்பர், அவன் மூஞ்சி. எல்லாம் அதுக்கப்புறமும் நாலஞ்சு நாள் அங்கயே இருந்திருக்கு. நான் அந்த ஆளு முன்னாடி நின்னுட்டிருந்தப்போ ரெண்டு தெரு தள்ளி அந்தப் பெட்டிக்குள்ள இருந்திருக்கு. ஐயோ கடவுளே.

…ஏன் எனக்கு இதை யாருமே சொல்லல? மே மாசம் பனி உருகி, வாத்து வேட்டைக்குப் போனவங்க சரளைக் குழியில அவளைப் பாத்தாங்க. கழுத்தை நெரிச்சிருக்குன்னு சொன்னீங்க. சவப்பெட்டியை மூடியே வைங்கன்னு சொன்னீங்க. எல்லாம் சொன்னீங்களே, இதை மட்டும் ஏன் சொல்லல?

சொன்னாங்களா? யாருகிட்ட?

…எங்கம்மாகிட்டயா? எப்ப?

ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, மார்ச்… ம், அப்ப நான் இங்க இல்ல. குடியை விடுறதுக்கு சிகிச்சைன்னு மூணு மாசம் வெளியூர்ல இருந்தேன். யாரு வந்தா? என்ன எழுதியிருக்கு? முழுசாப் படிங்க.

‘தாயாரிடம், குடும்பம் உரிய நேரத்தில் தகவல் கொடுத்திருந்தால் பதிவு கிடைத்திருக்கும் என்று விளக்கப்பட்டது.’

…

இல்ல. லைன் கட்டாகல. ஒரு நிமிஷம் கொடுங்க.

அதனாலதானா. ஆபீசர், உங்களுக்கு இது புரியாது. நான் சிகிச்சை முடிச்சிட்டு வந்து வண்டியை விட்டு இறங்குறேன், எங்கம்மா என் முகத்தையே பாக்கல. குடிச்சதுக்குக் கோவம், போகப் போகச் சரியாயிடும்னு நினைச்சேன். நான் அப்புறம் ஒரு சொட்டு தொடல. ஒன்பது வருஷம். தலை சீவி விடுறேன், காலைத் துடைச்சு விடுறேன், சோறு போடுறேன், தின்பாங்க. ஆனா கார்லீன் பேரை என் முன்னாடி எடுக்க மாட்டாங்க. அவ போட்டோவைக் கூட நான் ரூமுக்குள்ள வந்தா கவுத்து வச்சிடுவாங்க. நான் அன்னைக்குக் குடிச்சிட்டு விழுந்து கிடந்துட்டு, ஸ்டேஷனுக்குப் போனேன்னு பொய் சொல்லிட்டேன்னு நினைச்சிட்டிருக்காங்க! ஒன்பது வருஷமா!

நினைக்கத்தானே செய்வாங்க. போலீஸ் வந்து சொல்லுது. நானோ அந்தக் காலத்துல மூக்கு முட்டக் குடிச்சவ. யாரை நம்புவாங்க?

…நீங்க நம்புறீங்களா? நிஜமா சொல்லுங்க.

‘உறுதிப்படுத்த ஏதாவது வேணும்.’ ம். அதானே. என்னை மாதிரி ஆளு சொன்னா போதாது.

சாட்சியா… எல்ராய் வந்தான் கூட. எங்க பெரியம்மா பையன், எல்ராய் காஸ்டல். அவன் வண்டிலதான் போனோம். அவனும் போன குளிர்காலத்துல போயிட்டான், நெஞ்சுவலி. எங்கம்மாகிட்ட அவனும் சொல்லியிருக்கான், நான் வந்தேன், பாத்தேன்னு. ரெண்டு பேரும் சேந்து குடிக்கிறவங்கதானே, அவன் பேச்சும் எடுபடல.

இருங்க. இருங்க இருங்க… எல்ராய் வண்டில ஒரு முன்விளக்கு உடைஞ்சிருந்துச்சு. நாங்க ஸ்டேஷன் வாசல்லேருந்து வண்டியை எடுத்தோம், அதே ஆளு வெளிய ஓடி வந்தான். எனக்கு ஒரு நொடி, மனசு மாறிட்டான், எழுதிக்கத்தான் வரான்னு தோணுச்சு. கண்ணாடியை இறக்கினேன். விளக்கு உடைஞ்சதுக்கு அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்தான். ஆமா! அதுக்குப் பேனா இருந்துச்சு அவன்கிட்ட.

உங்க கம்ப்யூட்டர்ல அதெல்லாம் இருக்குமா? பழசு?… பாருங்க. தயவு செஞ்சு பாருங்க. எல்ராய், ஆமா, காஸ்டல். பிறந்தது எழுபத்தி ரெண்டு, ஜூலை… பத்தொன்பதுன்னு நினைக்கிறேன்.

ம், இருக்கேன்.

இல்ல, அந்தச் சீட்டு என்கிட்ட இல்ல. எல்ராய் அதைச் சுருட்டி ரோட்டுல எறிஞ்சான். நூத்து நாப்பது கிலோமீட்டரும் ரெண்டு பக்கமும் பாத்துட்டே வந்தோம், ரோட்டோரப் பள்ளம், புதரு, எல்லாம். இருட்டினப்புறம் அந்த ஒத்த விளக்கு வெளிச்சத்துல, வீடு வர வரைக்கும். தப்பான திசைல தேடினோம். அவ டவுனுக்குத் தெக்கால கிடந்தா.

…

என்ன? வந்துடுச்சா?

படிங்க.

அக்டோபர் பதினாறு. ரெண்டு நாப்பது. ஸ்டேஷன் வாசல்.

…ம்.

ம்.

இல்ல, அழல. மூக்கு ஒழுகுது.

அவன் பேரும் இருக்கா? … தெரியாது, அன்னைக்குப் பேரைக் கேக்கத் தோணல. ரிடையர் ஆயிட்டானா. நல்லது. நல்லாச் சாப்பிட்டு நல்லாத் தூங்கட்டும்.

நீங்க வருத்தம் தெரிவிக்க வேண்டாம் ஆபீசர். நீங்க அப்ப ஸ்கூல்ல படிச்சிட்டிருந்திருப்பீங்க… பாத்தீங்களா, எட்டாங்கிளாஸ். எனக்கு ரெண்டு காரியம் பண்ணுங்க. பைல்ல அந்த வரியை மாத்துங்க. மாத்தின தாளை முத்திரை வச்சு எனக்கு அனுப்புங்க… உங்க மேலதிகாரி சம்மதிக்கணுமா? அப்ப கேளுங்க. பக்கத்து ரூம்ல உக்காந்திருப்பாரு, எழுந்து போயிக் கேளுங்க. அவரு முடியாதுன்னா நான் நேர்ல வரேன், வின்னிபெக்குக்கு வழி தெரியும் எனக்கு.

ரெண்டாவது, எங்கம்மாகிட்ட சொல்லுங்க. இப்பவே. நான் சொன்னா ஆகாது. போலீஸ் வாய் சொல்லித்தான் நம்பினாங்க, போலீஸ் வாயே மாத்திச் சொல்லட்டும். ஸ்பீக்கர்ல போடுறேன். நீங்க மெதுவா ஒவ்வொண்ணாச் சொல்லுங்க, நான் கிரீல சொல்றேன்… அதெல்லாம் விதில இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது தம்பி. அன்னைக்கு வந்து சொன்னவரு எந்த விதில சொன்னாரு?

ம். அப்படிச் சொல்லுங்க. இருங்க.

அம்மா. அம்மா, இங்க பாரு. டீவியை நிறுத்துறேன். வின்னிபெக்லேருந்து போலீஸ்… இல்லம்மா, இன்னும் புடிக்கல. வேற விஷயம். உன்கிட்ட பேசணுமாம். போனை மேஜைல வைக்கிறேன், அவரு பேசுவாரு, நான் உனக்குச் சொல்றேன். எனக்காக இல்ல, கார்லீனுக்காகக் கேளு.

சொல்லுங்க ஆபீசர்.

…அம்மா, இவரு பேரு ஹால்வர்சனாம். கார்லீன் கேஸை இப்ப இவருதான் பாக்குறாராம்.

…முன்னாடி ஒரு ஆளு வந்து உன்கிட்ட, நாம லேட்டாச் சொன்னோம்னு சொன்னாரே, அது தப்பாம்.

…அக்டோபர் பதினாறாம் தேதி ஞாயித்துக்கிழமை மத்தியானம்… உங்க மக… மேவிஸ்…

ஆபீசர், இதை நானே எப்படிச் சொல்றது. இருங்க, சொல்றேன்.

…மேவிஸ் ஸ்டேஷனுக்கு வந்தாளாம். வந்து சொன்னாளாம். எழுதிக்காம விட்டது அவங்களாம். அதுக்கு அத்தாட்சி அவங்க கிட்டயே இருக்காம், எல்ராய் வண்டிக்கு எழுதின சீட்டு. தேதியோட.

…

அம்மா?

ஆபீசர், தேதியைத் திரும்பச் சொல்லச் சொல்றாங்க… பதினாறும்மா. ஆமா. ரெண்டாம் நாளு.

அந்தக் கேமரா அப்ப இருந்துச்சான்னு கேக்குறாங்க… இருந்துச்சும்மா. அன்னைக்கே போயிருந்தா கிடைச்சிருக்கும்… யாரு கொன்னான்னு தெரியல. இவருக்கும் தெரியல… தேடுவேன்னு சொல்றாரு. எல்லாரும் அதான் சொன்னாங்க, தெரியும்மா.

கேட்டுக்கிட்டாங்க ஆபீசர். சும்மா உக்காந்திருக்காங்க. கையைப் பாத்துட்டு… கொஞ்சம் இருங்க.

…என்னம்மா?

என்ன கேட்டே?

…ஆமாம்மா. குளிராத்தான் இருந்துச்சு. லேசாப் பனி தூவ ஆரம்பிச்சிருந்துச்சு… எல்ராய் ஜாக்கெட்டைத்தான் போட்டுட்டுப் போனேன்… இல்ல, அந்த மேஜை ஆளு உக்காரச் சொல்லல. நின்னுட்டேதான் சொன்னேன்.

ஆபீசர், நான் வைக்கிறேன்… இல்ல, வேற எதுவா இருந்தாலும் நாளைக்குக் கேளுங்க. எங்கம்மா என்கிட்ட கார்லீனைப் பத்திக் கேக்குறாங்க. ஒன்பது வருஷம் கழிச்சுக் கேக்குறாங்க. நான் வைக்கிறேன்.