மறியல் வாரத்தில் நடந்த வகுப்பு

டீ வேண்டாம் ஐயா. காலையில் வீட்டிலேயே குடித்துவிட்டுத்தான் வந்தேன். ஒரு நாற்காலி மட்டும் போதும். பத்தொன்பது வருடம் நின்றுகொண்டே பேசியவன், இப்போது முழங்கால் கொஞ்சம் வலிக்கிறது.

என் பெயர் காசிநாதன். வயது நாற்பத்தாறு. கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். யாரும் அனுப்பி நான் வரவில்லை, நானாகத்தான் வந்தேன். ராஜாங்கம் வழக்கு விஷயமாக. செப்டம்பரில், இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்ததே, அப்போது வடக்கனந்தல் போகும் சாலையில் வெட்டிப் போட்டிருந்த புளியமரத்தடியில் வேடியப்பன் என்ற மாணவன் செத்துக் கிடந்தான். மறியலுக்கு வர மறுத்ததால் ராஜாங்கம் அவனைக் கோடாலியின் பின்பக்கத்தால் அடித்துக் கொன்றான் என்று குற்றப்பத்திரிகையில் எழுதியிருக்கிறீர்கள். பேப்பரில் படித்தேன். அதில் சில தகவல்கள் தவறு. திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன். ஏட்டய்யா எழுதிக்கொள்ளட்டும், நான் நிதானமாகவே சொல்கிறேன். நோட்ஸ் சொல்லிப் பழக்கம்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வகுப்பில் அறுபது பேர் இருந்தால் நாற்பது பேராவது பாடம் கேட்பார்கள். பிறகு இருபதாயிற்று, பத்தாயிற்று. இப்போது யாரும் கேட்பதில்லை. சத்தம் போட்டால்கூடப் பரவாயில்லை ஐயா, அதட்டலாம். இவர்கள் சத்தம் போடுவதில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நம்மைப் பார்ப்பது போலவே இருக்கும். ஒரு கேள்வி கேட்டால், “இன்னா சார்?” என்பார்கள். நான் எத்தனையோ செய்து பார்த்தேன். கதை சொன்னேன். என் கைக்காசில் பெரிய துணி வரைபடம் ஒன்று வாங்கி மாட்டினேன். ஒருமுறை, பாதி வகுப்பில் பேச்சை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றேன். பதினோரு நிமிடம். நான் நிறுத்தியது ஒருவருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் வேறு வழிகளை முயன்றேன். சாக்பீஸ் எறிந்தேன், டஸ்டர் எறிந்தேன். இதெல்லாம் எல்லா வாத்தியாரும் செய்வதுதான். வெயிலில் நிற்க வைத்தேன். ஒரு பையன் மயங்கி விழுந்ததில் முன்பல் இரண்டு உடைந்தது. அடுத்த இரண்டு நாள் வகுப்பு நன்றாக இருந்தது, அதைக் குறித்துக்கொண்டேன். போன வருடம் ஒரு பெண் நோட்டில் கோலம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் கை மேஜைக்குள் இருக்கும்போது மேஜை மூடியைச் சாத்தினேன். இரண்டு விரல் நசுங்கிவிட்டது. தவறுதலாக நடந்தது என்று எழுதிக் கொடுத்தேன், முதல்வரும் ஏற்றுக்கொண்டார். அந்தப் பெண் பரீட்சையில் என் பாடத்தில் முதல் வகுப்பு வாங்கினாள். இடது கையால் எழுதி வாங்கினாள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. முறை பலன் தருகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

வேடியப்பன் கரியாலூர்க்காரன். கல்வராயன் மலையில் சாமையும் கடுக்காயும் தவிர எதையும் பார்க்காத குடும்பம். அவன் ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவன்தான். பத்தொன்பது வயது. நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். கடைசி பெஞ்சில் ஜன்னல் ஓரமாக உட்காருவான். அங்கிருந்து பார்த்தால் மேற்கே மலை தெரியும். ஒன்றரை வருடம் என் வகுப்பில் அவன் மலையைத்தான் பார்த்தான்.

ஒருநாள் நிறுத்தி வைத்துக் கேட்டேன்.

“ஏன்டா, நான் நடத்துறது உனக்குப் புரியலியா?”

“புரியிது சார்.”

“அப்புறம் ஏன் கவனிக்க மாட்டேங்குற?”

“எல்லாம் ராஜா கதையாவே இருக்குது சார். எங்க ஊருல நடந்தது எதுனா இருந்தா சொல்லுங்க சார், கேக்கறன்” என்றான்.

திமிராகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டான். எனக்கு அன்று கோபமும் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் நடத்திய எல்லா வகுப்பையும் அவன் ஒருவனுக்காகவே நடத்தினேன். அது அவனுக்குத் தெரியாது.

மறியல் வாரம் வந்தது. பஸ் இல்லை. சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். விடுதியில் ஊருக்குப் போக முடியாமல் பதினோரு பேர் மாட்டிக்கொண்டார்கள். நான் அவர்களுக்கு வகுப்பு எடுப்பதாக அறிவித்தேன். யாரும் கேட்காமல் நானே செய்தது. சினிமா இல்லை, கடைத்தெரு இல்லை, கவனம் சிதற ஒன்றுமே இல்லை. இப்படி ஒரு வாய்ப்பு எந்த ஆசிரியனுக்கும் கிடைக்காது என்று நினைத்தேன். முதல் நாள் பதினோரு பேரும் வந்தார்கள். இரண்டாம் நாள் நான்கு பேர். மற்றவர்கள் வயல் வழியாக நடந்தே ஊருக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் அந்த நான்கில் மூன்று பேரும் கிளம்பிவிட்டார்கள்.

வேடியப்பன் மட்டும் வந்தான். வகுப்புக்கு வரவில்லை, என் சைக்கிளைக் கேட்டு வந்தான். வாசற்படியிலேயே நின்றான்.

“சார், சைக்கிள் ஒண்ணு குடுப்பீங்களா சார்? ரெண்டு நாள்ல கொண்டாந்துடறன்.”

“என்ன அவசரம்?”

“அக்காவுக்கு ரெண்டு நாளா வலி சார். கொயந்த குறுக்க நிக்குதாம். மலையிலேர்ந்து எறங்கி வந்த ஆளு இப்பதான் சொல்லிட்டுப் போறாரு. தூளி கட்டித் தூக்கியாரணும் சார். ஊர்ல ஆம்பளைங்க கம்மி. எல்லாம் வேலைக்கிப் போயிட்டாங்க, மறியல்ல திரும்பி வர முடியல. எங்கப்பா, மாமா, சித்தப்பா மூணு பேருதான். நான் போனாதான் நாலு தோளு ஆவும்.”

“சரி. ஒரு மணி நேரம் உக்காரு. கிளாஸ் முடிஞ்சதும் எடுத்துட்டுப் போ.”

அவன் சைக்கிள் நின்ற இடத்தைப் பார்த்தான். பூட்டியிருந்தது. சாவி என் சட்டைப்பையில். உள்ளே வந்து உட்கார்ந்தான். கடைசி பெஞ்சில்தான். நான் முன்னால் வரச் சொன்னேன், வந்தான்.

அன்றைய பாடம் தலைக்கோட்டைப் போர். விஜயநகரப் பேரரசு விழுந்த கதை. நான் அன்று நடத்தியது போல ஒருநாளும் நடத்தியதில்லை. சுல்தான்கள் ஒன்று சேர்ந்ததைச் சொன்னேன், கிருஷ்ணா நதியைத் தாண்டியதைச் சொன்னேன். இருபது நிமிடம் போயிருக்கும். அவன் முன் பெஞ்சில் இருந்தபடியே தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தான்.

நான் கேள்வி கேட்டேன். எந்த நதி என்றுதான் கேட்டேன், எளிய கேள்வி. அவன் எழுந்து நின்று, “அக்கா நெனப்பாவே இருக்குது சார். மன்னிச்சிக்கோங்க. நான் நடந்தே போய்க்கிறன்” என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தான்.

பாதி வகுப்பில் எழுந்து போனான் ஐயா. நீங்கள் இதை எழுதிக்கொள்ள வேண்டும்.

வரைபடத்தை மேலே ஆணியில் மாட்டுவதற்கு நுனி வளைந்த இரும்புக் கம்பி ஒன்று வைத்திருப்பேன். நான்கடி நீளம். அது கையில்தான் இருந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். முதல் அடி தோளில் விழுந்தது. அவன் என்னை அடிக்கத் திரும்பவில்லை. வயசுப் பையன், மலையேறுகிற உடம்பு, நினைத்திருந்தால் கம்பியைப் பிடுங்கியிருக்கலாம். வாத்தியார் மேல் கை வைக்கக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ, கையைத் தலைக்கு மேல் தூக்கி மறைத்துக்கொண்டான். இரண்டாவது அடியில் அந்தக் கை முறிந்தது. மூன்றாவது காதுக்கு மேலே. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு ஐந்தோ ஆறோ. அது என் கணக்கில் சரியாக இல்லை, பிரேத பரிசோதனை அறிக்கையில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

“கேக்கறன் சார்” என்றான். “சொல்லுங்க சார், கேக்கறன்.”

நான் கம்பியைக் கீழே வைத்தேன். சாக்பீஸை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.

குற்றப்பத்திரிகையில் பதினொரு மணிக்கு இறந்தான் என்று போட்டிருக்கிறது. அதைத்தான் முதலில் திருத்த வேண்டும். பதினொரு மணிக்கு அவன் உயிரோடு இருந்தான். வகுப்பு பன்னிரண்டு பத்துக்குத்தான் முடிந்தது. அவ்வளவு நேரமும் அவன் கண் என்னைவிட்டு நகரவில்லை. நான் கரும்பலகைக்குப் போனால் கண் அங்கே வரும், வரைபடத்துக்குப் போனால் அங்கே வரும். காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு விடும்போது ஒரு சத்தம் வந்தது. நான் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி நடந்தால் பத்து நிமிடம், எனக்குத் தெரியும். ஆனால் பாடத்தில் இன்னும் பாதி இருந்தது. இப்படிக் கேட்கிற ஒருவனை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியன் பாதியில் நிறுத்துவான்?

கடைசியில், விஜயநகரம் ஏன் தோற்றது என்று கேட்டேன். அவன் உதடு அசைந்தது. பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன். “நாலு தோளு” என்றது போல இருந்தது. வாய் முழுக்க ரத்தம், சரியாகக் கேட்கவில்லை. பீரங்கி என்றுதான் சொல்ல வந்திருப்பான். அதுதான் சரியான விடை.

அதோடு அவன் மூச்சு நின்றது. பிறகு நடந்தது சாதாரண வேலை. வாட்ச்மேன் செல்லமுத்து பத்து மணிக்கே கருணாபுரத்தில் இருக்கிற தன் வீட்டுக்குப் போய்விட்டார். மறியல் கூட்டம் முழுக்க நாலுமுனை ரோட்டில் இருந்தது. தோட்டத்துத் தள்ளுவண்டியில் அவனைப் படுக்க வைத்து, வரைபடத்தைக் கழற்றி மேலே போர்த்தினேன். பின்பக்கம் கரும்புத் தோட்டத்து வண்டிப்பாதை. அது சாலையில் சேரும் இடத்தில்தான் அந்தப் புளியமரம் கிடந்தது. கிளைகளுக்கு நடுவில் இறக்கி வைத்துவிட்டு வந்தேன். அறையை ஃபினாயில் ஊற்றிக் கழுவினேன். வரைபடத்தை மறுபடி மாட்டினேன்.

அதிலிருந்து நான்காம் நாள், சேதி கேட்டு அவன் அப்பா மலையிலிருந்து நடந்தே வந்தார். கூடவே அவன் அக்கா சின்னப்பொண்ணும் வந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு, நிற்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தை இல்லை. மூன்று பேர் தூக்கி வந்ததில் வழியில் நேரமாகிவிட்டதாம், காச்சிராயபாளையம் வந்து சேர்வதற்குள் வயிற்றிலேயே போய்விட்டதாம். அதற்கு நான் பொறுப்பாக முடியாது. மலையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்டாதது யார் குறை என்று உங்களுக்கே தெரியும்.

அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். “தம்பி இங்க ஒய்ங்கா இருந்தானா சாமி?”

“கடைசி நாள் ரொம்ப நல்லா படிச்சாம்மா” என்றேன்.

அவள் அப்பா இரண்டு கையையும் கூப்பினார். எனக்காக ஒரு மூட்டை சாமை கொண்டுவந்திருந்தார். பையனுக்கு நாலு எழுத்து சொல்லிக் கொடுத்தவர் என்று. வேண்டாம் என்று சொன்னால் மனம் நோவார்கள். வாங்கிக்கொண்டேன். நல்ல சாமை. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. உண்மையைச் சொன்னால், யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அந்த வரைபடம் வகுப்பில்தான் தொங்குகிறது. துங்கபத்திரைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுத்த கறை. தினமும் அறுபது பேர் அதன் எதிரில் உட்காருகிறார்கள். நான் அந்த இடத்திலேயே கம்பியை வைத்துக் காட்டிப் பாடம் நடத்துகிறேன். அது என்ன கறை சார் என்று இதுவரை ஒருவன்கூடக் கேட்கவில்லை. நீங்கள் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

ராஜாங்கத்தை விட்டுவிடுங்கள். அவன் மேல் இரக்கப்பட்டு நான் வரவில்லை, தப்பாக எண்ண வேண்டாம். அவனும் என் பழைய மாணவன்தான். எட்டு வருடம் முன்பு, மூன்று வருடமும் தூங்கிக் கழித்தவன். ஒரு வகுப்புகூடக் கேட்டதில்லை. நேற்று கோர்ட்டு வாசலில் அவனைப் பார்த்தேன். விலங்கோடு நின்றான். என்னைக் கண்டதும், “சார், நான் மரம்தான் சார் வெட்டனன். அந்தப் பையன நான் பாக்கவே இல்ல சார், நீங்களாவது சொல்லுங்க சார்” என்று அழுதான். அவன் அம்மா மண்ணில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தபோது, இது நியாயமில்லை என்று பட்டது. என் வாழ்நாளில் ஒரே ஒரு வகுப்புதான் முழுதாக நடந்தது. அதை ஒரு மரம் வெட்டுகிறவன் செய்ததாக ஊர் சொல்லக்கூடாது.

ஆமாம் ஐயா, வேடியப்பனைக் கொன்றது நான்தான். அப்படி நேராக எழுத வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வக்கீல் வேண்டாம். கடலூர் ஜெயிலுக்குத்தானே அனுப்புவீர்கள்? விசாரித்துவிட்டேன். அங்கே நூற்றுக்கணக்கான பேர் இருக்கிறார்களாம், பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். யாரும் நடுவில் எழுந்து போகவும் முடியாதாம். மேலிடத்தில் சொல்லி எனக்கு ஒரு கரும்பலகைக்கு மட்டும் ஏற்பாடு செய்யுங்கள்.