ராணியை அனுப்பினார்களா

வேங்கிக்கால் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு டீச்சர்கள் இருந்தார்கள்.

"நேத்து, சோழரும் சாளுக்கியரும் பொண்ணு குடுத்துக்கிட்டே சண்டையும் போட்டாங்கனு பாடம் எடுத்தேன்," என்றார் மூத்தவர். "ஒருத்தி எழுந்து, 'அந்த ராணிய அப்பாவைப் பாக்க அனுப்பினாங்களா மிஸ்?'னு கேட்டா. நான் புத்தகத்த மூடி வச்சுட்டேன்."

"ஏங்க?"

"சம்பந்தி மேல இருந்த கோவத்துல, அவருக்கு முடியாம போனப்பகூட மருமகள நான் அனுப்பல. நேத்து சாயங்காலம்தான், போயிட்டு வாம்மான்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"துணிய மடிச்சிக்கிட்டே, 'அப்பாவுக்குப் பேச்சு நின்னு பத்து நாளாச்சு அத்த'ன்னா. கோவமாகூட சொல்லல."

"கிளம்பினாங்களா?"

"காலைல நானே பஸ் ஏத்திவிட்டேன். அவ முகத்தப் பாக்க முடியல. கண்டக்டரைப் பாத்து, பத்திரமா எறக்கிவிடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."