போர்சலினா, கல்லா?

...தேய்ச்சா போயிடுமாங்கற? போவாது. இன்னிக்குத் தேய்ச்சா அடுத்த வாரம் அதே எடத்துல வந்து குந்திக்கும். பாசிக்கு என்ன, வாடகையா குடுக்கணும்? ஏய் ஏய், அங்க மிதிக்காதம்மா, ஈரம்! இப்படி வேலியோரமா வா. ஆங், அந்த ரூபார்ப் செடிப் பாத்தி பக்கத்துல நில்லு. என்ன கேட்ட? உங்க வீட்டுப் பின்னாடி தளம் பாவணும், போர்சலின் டைல் நல்லதா, கல்லு நல்லதா, அதானே? ஓ, உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் இதுல சண்டை வேறயா? ஆரம்பிச்சாச்சா! நல்லது. ஒரே வார்த்தையில சொல்லிடறேன் ஃப்ரேயா.

ஆனா இங்க என்ன நடந்துச்சுன்னு மொதல்ல கேட்டுக்கோ. இல்லன்னா அந்த வார்த்தை உனக்குப் புரியாது.

நீங்க குடிவந்து ரெண்டு மாசம் இருக்குமா? அப்ப பழைய தளத்த நீ பாக்கல. பாக்காததே நல்லது. சிமெண்டுப் பலகை. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு திசையப் பாத்து சாஞ்சு கெடக்கும். மழை பேஞ்சா தண்ணி தோட்டத்துக்குப் போவாது, நேரா எங்க சமையலறைக்கு வரும், விருந்தாளி மாதிரி. அதுலதான் அத்தன வருஷமும் துணி காயப்போட்டேன். ஜெஃப்ரி பஸ் ஓட்டிக்கிட்டிருந்தாரு, ஹோம்ஃபர்த் ரூட்டு. அந்த மலைப்பாதையில, பனியில, ஐஸ்ல, ஒருத்தர் மேல ஒரசினதில்ல. ரிடயராகட்டும்னு பொறுத்துக்கிட்டேன். ரிடயரானாரு. அப்புறம் மழை நிக்கட்டும்னு பொறுத்துக்கிட்டேன். ஹடர்ஸ்ஃபீல்டுல மழை நிக்கறதுக்குக் காத்திருந்தவ நான்!

கடைசியா ஒரு நாள் சொன்னேன், "பின்னாடி ஒழுங்கா ஒரு தளம் பாவி, மேசை நாற்காலி போட்டு, சாயந்திரம் மனுஷங்க மாதிரி டீ குடிப்போம் ஜெஃப்ரி"ன்னு. சரின்னாரு. அதுவரைக்கும் நல்லாத்தான் போச்சு. கொத்தனார் கெல்வின் வந்தான். மாதிரிக்கு ரெண்டு பலகை கொண்டுவந்தான். ஒண்ணு போர்சலின், ஒண்ணு சாண்ட்ஸ்டோன், அதான் மணற்கல்லு. "பேசி வைங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். வெடிகுண்டு வெச்சுட்டுப் போயிருந்தா கூட வீட்டுக்கு அவ்வளவு சேதம் ஆயிருக்காது.

போர்சலினப் பாத்ததுமே எனக்குப் புடிச்சுப்போச்சு. வெளிர் சாம்பல் நெறம். கேக்கு வெட்டின மாதிரி ஓரம். ஒண்ணப் போலவே எல்லாம். தண்ணி குடிக்காது, பாசி ஒட்டாது, மாப்பு போட்டு ஒரு இழு இழுத்தா முடிஞ்சுது. சாண்ட்ஸ்டோன் இருக்கே... பழுப்பு. அங்கங்க செங்கல் நெறம். ஒரு எடம் மேடு, ஒரு எடம் பள்ளம். இந்தியாவுலேர்ந்து கப்பல்ல வருதாம். இந்த ஊரச் சுத்தி என்ன இருக்கு? கல்லு. மலையெல்லாம் கல்லு, வீடெல்லாம் கல்லு. ஆனா நம்ம கல்ல வாங்கணும்னா வீட்ட விக்கணும், அதனால கப்பல்ல வருது. பாவம், அங்க வெயில்ல ஜம்முனு கெடந்தது. இங்க வந்து நனைஞ்சு, அதுக்கே சளி புடிச்சிருக்கும்.

ஜெஃப்ரி ரெண்டையும் மடியில வெச்சுக்கிட்டுத் தடவித் தடவிப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, "இது கல்லு. அது குளியலறை. குளியலறையில உக்காந்து நான் டீ குடிக்க மாட்டேன்"னு. சரி, ஒரு பேச்சுக்கு சொல்றாருன்னு நெனச்சேன். இல்ல. அதுலயே நின்னாரு.

நான் விடுவேனா? ஞாயித்துக்கிழமை ரோஸ்ட்டுல மிஞ்சின கிரேவிய எடுத்து ரெண்டு பலகை மேலயும் ஊத்தினேன். மறுநாள் வரைக்கும் விட்டேன். போர்சலின், ஈரத்துணியில ஒரு தொடை, போயே போச்சு. கல்லு? குடிச்சுடுச்சும்மா. நக்கிக் குடிச்சுடுச்சு. "பாத்தீங்களா?"ன்னேன். "நாம தட்டுலதானே சாப்பிடறோம் ஹேஸல்"ங்கறாரு. மேல ஏதோ பூசினா கறை புடிக்காதாம், வருஷா வருஷம் பூசணுமாம். யாரு பூசறது? நீ சொல்லு. யாரு பூசுவா?... அதான்.

அப்புறம் அவரு பங்குக்கு ஒண்ணு பண்ணாரு. போர்சலின் வழுக்கும்னு காட்டணுமாம். பாத்திரம் கழுவுற சோப்பக் கரைச்சு அது மேல ஊத்திட்டு, வீட்டுச் செருப்போட ஏறி நின்னாரு. வழுக்கல. குதிச்சாரு. வழுக்கல. செருப்பக் கழட்டிப் போட்டுட்டு சாக்ஸோட நின்னு, இடுப்ப இப்படி... இல்ல, இப்படி ஆட்டி... எழுபது வயசு மனுஷன்! உங்க வீட்டுல முன்ன இருந்த அம்மா மாடியிலேர்ந்து பாத்துட்டு திரைய இழுத்து மூடிட்டாங்க. அப்பவும் வழுக்கல. மூஞ்சத் தொங்கப்போட்டுக்கிட்டு எறங்கி, அந்த ஈர சாக்ஸோட சமையலறைக்குள்ள காலை வெச்சாரு பாரு, அங்க வழுக்குச்சு. மணிக்கட்டு போச்சு. ஆஸ்பத்திரியில நர்ஸு "எப்படி விழுந்தீங்க?"ன்னு கேக்கறா. "ஒரு கருத்து வேறுபாடு"ங்கறாரு. அந்தப் பொண்ணு என்னைப் பாக்கறா ஒரு பார்வை!

கையில கட்டோட வந்து உக்காந்தவரு சொன்னாரு, "உன் இஷ்டப்படியே போட்டுக்கோ ஹேஸல்." கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்தாளு வாயில அந்த வார்த்தைய நான் கேட்டதேயில்ல. ஏன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம். ஜெயிச்சவ எங்க கேக்கறது? கெல்வினுக்குப் போன் போட்டேன்.

போட்டான் பாரு! வாசப்படியிலேர்ந்து புல்லு வரைக்கும் ஒரே வீச்சா, ஏரித் தண்ணி மாதிரி. புல்லுல எறங்கற படி கூட அதே பலகை, அதே நெறம். எங்க தங்கச்சி பாலினுக்கு போட்டோ அனுப்பினேன். பதிலே இல்ல. பொறாமை.

ஆனா இந்தாளு வெளிய வரல. டீ கலந்து வெச்சுட்டுக் கூப்பிட்டா, காத்தடிக்குதுங்கறாரு. ஒரு இலை அசையல. மறுநாள் கூப்பிட்டா, வெயிலுங்கறாரு. ஹடர்ஸ்ஃபீல்டுல வெயிலு! தோத்துப் போன கோவம்னு நெனச்சேன். நானும் முறுக்கிக்கிட்டேன். தனியா உக்காந்து, அவருக்குக் கேக்கணும்னே டீய உறிஞ்சு உறிஞ்சு குடிச்சேன். பிஸ்கட்ட நறுக்கு நறுக்குன்னு கடிச்சேன். கோடை முழுக்க அப்படியே போச்சு. நான் வெளிய நறுக்கு நறுக்குன்னு, அவரு உள்ள ரேடியோ.

இதுக்கு நடுவுல காரு ஓட்டறத விட்டுட்டாரு. முழங்கால் வலிக்குது, கிளட்ச் மிதிக்க முடியலன்னாரு. சரின்னேன். குறுக்கெழுத்துப் போடறத விட்டாரு. பேப்பர்க்காரன் எழுத்தச் சின்னதாக்கிட்டானாம். சரின்னேன். டீய கப்புல ஊத்தச் சொன்னா மேசையில ஊத்துனாரு. கவனம் எங்க இருக்குன்னு திட்டினேன்... நீ ஏன் மூஞ்ச அப்படி வெச்சுக்கற? புரிஞ்சுடுச்சு, இல்ல? உனக்குப் புரியும். நான் வரிசையா சொல்றேன்ல, யாருக்கும் புரியும். கூட இருக்கறவளுக்கு வரிசையாவா வருது? ஒண்ணு ஒரு செவ்வாய்க்கிழமை வருது, இன்னொண்ணு ஈஸ்டருக்கு வருது.

ஒரு நாள் மார்க்கெட்டுக்குக் கெளம்பிட்டு, பர்ஸ மறந்துட்டுத் திரும்பி வந்தேன். மாடியில பர்ஸ எடுத்துட்டு ஜன்னல் வழியா எதேச்சையா பாக்கறேன், மனுஷன் தளத்துல நிக்கறாரு. நட்டநடுவுல. அடேங்கப்பா, நான் இல்லாதப்ப மட்டும் ஐயாவுக்கு இது இனிக்குதான்னு, நாலு வார்த்தை கேக்கணும்னு ஜன்னல் கொக்கியில கைய வெச்சேன். அப்பதான் பாத்தேன். கட்டுப் பிரிச்ச கை, நல்ல கை, ரெண்டையும் இப்படி முன்னால நீட்டிக்கிட்டிருக்காரு. ஒரு காலை முன்னால வெக்கறாரு. எடுத்துடறாரு. பக்கத்துல வெக்கறாரு. எடுத்துடறாரு. உறைஞ்ச குளத்து மேல மாட்டிக்கிட்டவன் மாதிரி.

எப்படி எறங்கி ஓடினேன்னு தெரியாது. ஓடிட்டு, கதவுகிட்ட நின்னு, "என்ன பண்றீங்க?"ன்னேன். வேற கேள்வி வரல எனக்கு. அவரு திரும்பல. "எங்க முடியுதுன்னு தெரியல ஹேஸல். படி எங்கன்னு தெரியல"ன்னாரு. அழல, ஒண்ணுமில்ல. வண்டி கொஞ்சம் தாமதமாகும்னு பிரயாணிங்ககிட்ட சொல்ற குரல்.

கண்ணுல நடுப்பகுதி போகுதாம். நேரா பாத்தா புகை, ஓரத்துல கொஞ்சம் தெரியும். கெல்வின் வர்றதுக்கு முன்னாடியே டாக்டர் சொல்லியாச்சு. அவருக்கு வந்திருக்கற வகைக்கு இப்போதைக்கு வைத்தியம் இல்லியாம். "எங்கிட்ட ஏன் சொல்லல?"ன்னேன். "சொன்னா ஊருக்கெல்லாம் சொல்லுவ"ன்னாரு. நானா? நான் யாருகிட்ட சொல்லியிருக்கேன்?

கல்லு கேட்டதும் அதுக்குத்தானாம். மேடு பள்ளம் காலுக்குத் தெரியுமாம். கண்ணு போகுதுங்கற ஒரு வார்த்தை வாயில வரல, குளியலறை அது இதுன்னு கதை விட்டு, சோப்புத் தண்ணியில ஆட்டம் போட்டுக் கைய ஒடிச்சுக்கிட்டாரு. நான் என்னடான்னா அவரு மூஞ்சிக்கு நேரா கிரேவி ஊத்திக் காட்டிக்கிட்டிருந்தேன்.

கெல்வினக் கூப்பிட்டு, எல்லாத்தையும் பேத்து எடுன்னேன். என்னைப் பாத்தான், தளத்தப் பாத்தான். "ஏதாவது குறைங்களா?"ன்னான். "ஒரு குறையும் இல்ல, எடு"ன்னேன். நல்லா ஒட்டியிருந்தான் பாவம், பாதி ஒடஞ்சுதான் வந்துச்சு. மிச்சம் அந்தா, தார்ப்பாய்க்குக் கீழ இருக்கு. வேணும்னா எடுத்துக்கோம்மா. உங்க ரெண்டு பேருக்கும் கண்ணு நல்லாத்தானே இருக்கு.

அப்புறம் இந்தக் கல்லு வந்துச்சு. ஜெஃப்ரி செருப்பக் கழட்டிட்டு ஒவ்வொண்ணையும் மிதிச்சுப் பாத்துதான் வெக்க விட்டாரு. சொரசொரப்பானது படிக்கு, தட்டையானது நாற்காலிக்குக் கீழ, கருப்பா ஒரு வரிசை ஓரத்துக்கு. கெல்வினுக்கு உயிரே போச்சு. இப்ப கதவுலேர்ந்து நாற்காலி வரைக்கும் எல்லாத்துக்கும் பேரு வெச்சிருக்காரு. அவரு ரூட்டுல வர ஸ்டாப்பு பேரு. அந்தக் குழி இருக்கே, அது லாக்வுட். இந்த மேடு ஹானிலி. படி வந்தா ஹோம்ஃபர்த், எல்லாரும் எறங்குங்க. அவரு சொகமா போறாரு வராரு. பாசி யாருக்கு? எனக்கு. அவருக்குக் காலுக்குத் தெரியுது, எனக்கு முட்டிக்குத் தெரியுது. வழுக்கி விழுந்தாருன்னா அந்த நர்ஸு மறுபடி என்னைத்தான் பாப்பா. அதனால...

இரு. கதவு சத்தம். வராரு. பேசாத.

நீதான் பேசல, தெரியுது. நான் எனக்கே சொல்லிக்கிறேன்.

...வெறுங்கால்ல வராரு பாரு. கைத்தடியும் இல்ல. லாக்வுட்... தாண்டியாச்சு. அந்த ஈரத்து மேல வரக் கூடாதே... இல்ல, சுத்திப் போறாரு. ஹானிலி... உன் மூச்சா இவ்வளவு சத்தமா இருக்கு, என்னுதா?... ஆங். உக்காந்துட்டாரு.

என்ன ஜெஃப்ரி? யாரும் இல்ல, பக்கத்து வீட்டு ஃப்ரேயாதான். தளம் பாவறதப் பத்திக் கேட்டா... இல்லியே, நான் ஒண்ணும் சொல்லலியே! கல்லப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம். கேட்டுப் பாருங்க அவள.

என்னது? மழையா? மழை எங்க இருக்கு? வானம் பளிச்சுன்னு நீலமா கெடக்கு... கேட்டியா ஃப்ரேயா, கல்லு காலுக்குக் கீழ ஈரம் கோத்துக்கிட்டு ஜில்லுங்குதாம். மழை வருதாம். மேகம்னு பேருக்கு ஒரு பொட்டு இல்ல மேல...

ஃப்ரேயா, உன் கொடியில துணி கெடக்கா?

அப்ப இங்க நின்னுக்கிட்டு வானத்தப் பாக்காத. அவரு சொல்லிட்டாரு. ஓடு, ஓடிப்போய் எடு!