வெள்ளிக்கிழமைத் தாள்கள்

முத்துலட்சுமி: அந்தக் கவரை இப்படிக் குடு சகினா. ஆபீஸ் கிளார்க் டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள பேசிடலாம்.

சகினா: பேச என்ன இருக்கு? படிச்சது போதும்னுட்டார் அத்தா. டி.சி. கேட்டுக் கையெழுத்தும் போட்டாச்சு.

முத்துலட்சுமி: உங்கத்தாவா? போன மாசம் பாண்டி பஜார்ல எங்க கடைக்கு வந்தப்ப, ‘எம்பொண்ணு பி.யூ.சி.ல கணக்குப் புலி’ன்னாரே?

சகினா: ...மனசு மாறாதா?

முத்துலட்சுமி: போன வருஷம் இதே வகுப்புல பதினோரு பேர் பாதியில நின்னுட்டாங்களாம். வாராவாரம் டெஸ்ட் வெச்சதுலேருந்து ரெண்டே பேர்தான்னு சரோஜாதேவி மிஸ் பெருமையாச் சொல்றாங்க. நீ மூணாவதா?

சகினா: பாழாப்போன வெள்ளிக்கிழமை டெஸ்ட்! இருபது கணக்கு, இருபது மார்க். தாளை மாத்திப் பக்கத்துல இருக்கறவதான் திருத்தணும். என் பக்கத்துல... நீ.

முத்துலட்சுமி: அதுக்கென்ன?

சகினா: காலையில பழைய தாளெல்லாம் எடுத்துப் பாத்தேன். மூணாவது வாரம், அஞ்சாவது கணக்கு. மைனஸ் போடற இடத்துல பிளஸ் போட்டிருக்கேன். நீ ‘சரி’ போட்டிருக்கே.

முத்துலட்சுமி: கவனிச்சிருக்க மாட்டேன்...

சகினா: ரெண்டாவது தாள்லேருந்து ஆறாவது வரைக்குமா? மிஸ் கேக்கறப்ப பன்னெண்டு, பதிமூணுன்னு கத்தினியே. நிஜமாக் கூட்டினா ஆறு... அஞ்சு...

முத்துலட்சுமி: முதல் டெஸ்ட்டுல நாலு வாங்கிட்டு, குழாயடியில முகத்தைக் கழுவிட்டு வந்து ‘சளி’ன்னே. அடுத்த வாரம் வரமாட்டியோன்னு பயந்துட்டேன். உன்னை விட்டா அந்தப் பெஞ்சுல எனக்கு யாருடி?

சகினா: அதுக்காகப் பொய் மார்க்கா? அத்தா அதையெல்லாம் காலண்டர்ல எழுதி வெச்சிருக்கார்டி.

முத்துலட்சுமி: ஆறாவதுக்கு மேல பாத்தியா?

சகினா: இல்ல, அதோட போதும்னு மூடி வெச்சுட்டேன்.

முத்துலட்சுமி: மிச்ச நாலையும் எடு. இந்தா, சிவப்புப் பென்சில். நீயே திருத்து.

சகினா: கிளார்க் வந்துடுவார்...

முத்துலட்சுமி: வரட்டும். முதல் கணக்கு?

சகினா: சரி... இதுவும் சரி. இது தப்பு... நீயும் தப்புன்னுதான் போட்டிருக்கே.

முத்துலட்சுமி: கூட்டு.

சகினா: பதிமூணு. இதுல பதினாலு... இதுலயும். இன்னைக்கு எழுதினதுல... இரு, இரு... பதினாறு.

முத்துலட்சுமி: நான் சொன்ன மார்க்?

சகினா: அதேதான்... ஏன்டி நிறுத்தினே?

முத்துலட்சுமி: நான் எங்க நிறுத்தினேன்? ஏத்திப் போட வேண்டியதே இல்லாமப் போச்சு. வியாழக்கிழமையானா பஸ்ல கூட சூத்திரம் முணுமுணுத்துக்கிட்டு வர்றியே, கண்டக்டர் கூட ஒருமாதிரி பாத்தார்.

சகினா: போடீ...

முத்துலட்சுமி: அதோ, கிளார்க் வந்துட்டார். அத்தா கையெழுத்துதானே தடை? சாயங்காலம் திருவல்லிக்கேணிக்கு வந்து நானே அவர்கிட்ட பேசறேன்.

சகினா: ஐயோ, வந்துடாதே! அந்தக் கையெழுத்தைப் போட்டது நான்தான்... அவர் இன்னைக்கு மார்க்கை எழுதக் காலண்டர் கிட்டயே உக்காந்திருப்பார்.